கண் மயங்கியது, கழுத்து மயங்கவில்லை: விஷன் ப்ரோவும் அதன் முதல் விமர்சனங்களும்

ஆப்பிள் தலைமை நிர்வாகி டிம் குக் அதைத் தலையில் போடவே இல்லை. 2023 ஜூன் 5, குபெர்டினோவில் ஆப்பிளின் வருடாந்திர டெவலப்பர் மாநாடு. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடிய அறிவிப்பின் பிற்பகுதியில், 'இன்னும் ஒன்று இருக்கிறது' என்று ஸ்டீவ் ஜாப்ஸ் காலத்துப் பாணியில் சொல்லி விஷன் ப்ரோ என்ற மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்டை (எதிரே இருப்பதோடு கணினிப் படங்களைக் கலந்து காட்டும் தலைக்கருவியை) அறிமுகம் செய்தார். விளம்பரக் காட்சிகளில் நடித்தவர்கள் போட்டிருந்தார்கள். வந்து பேசிய அதிகாரிகள் ஒருவர்கூடப் போடவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் காட்சிக்கு வைத்திருந்த ஹெட்செட்டின் பக்கத்தில் நின்று குக் படம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவர் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் ஒரு பத்திரிகையில் வந்தது 2024 பிப்ரவரியில், கருவி கடைக்கு வருகிற சமயத்தில்.

அன்று சமூக ஊடகங்களில் முதலில் கவனிக்கப்பட்ட விஷயங்களில் இது ஒன்று. கேலிக்காகத்தான் சொன்னார்கள் என்றாலும் கேள்வி நியாயமானது: முகத்தில் மாட்டவேண்டிய ஒரு பொருளை விற்கவருகிறவர் ஏன் மாட்டிக் காட்டவில்லை? பதில் ஒன்றும் பெரிய மர்மமில்லை. முகத்தில் எந்தக் கருவியை மாட்டினாலும் மனிதர் கொஞ்சம் கோமாளியாகத்தான் தெரிவார். அந்தப் படம் காலத்துக்கும் சுற்றும். ஆப்பிளுக்கு இது தெரியும்.

ஒரு புதிய கருவி அறிவிக்கப்பட்டதும் வரும் முதல் கருத்துகளை நாம் இரண்டில் ஒரு விதமாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, அப்படியே நம்பிவிடுகிறோம். இல்லையென்றால், 'அவசரப்பட்டுச் சொல்கிறார்கள், காலம் சொல்லும்' என்று ஒதுக்கிவிடுகிறோம். விஷன் ப்ரோ விஷயத்தில் இரண்டுமே தவறு என்பது என் எண்ணம். அந்த முதல் வாரத்தில் சொல்லப்பட்டவற்றில் கணிசமான பகுதி பின்னால் அச்சாகப் பலித்தது. ஆனால் பலித்தவை பெரும்பாலும் தலைப்பில் வந்தவை அல்ல. கட்டுரைகளின் நடுவில், போகிற போக்கில் எழுதப்பட்ட சின்னச் சின்ன உடல் சங்கடங்கள். மூக்கில் அழுத்தம், நெற்றியில் பாரம், பாக்கெட்டுக்குப் போகும் வயர்.

முனகியவர்கள், சிரித்தவர்கள்

அன்று கருத்துச் சொன்னவர்கள் எல்லோரும் ஒரே பொருளைப் பார்த்தவர்கள் அல்ல. உலகம் முழுக்கப் பெரும்பாலானவர்கள் பார்த்தது ஒரு விளம்பரப் படத்தை. மிகச் சிலர் மட்டும் கருவியைத் தொட்டார்கள். முதலீட்டாளர்கள் பார்த்ததோ பங்கு விலையை.

முதல் சத்தம் விலைக்கு எழுந்தது. 3,499 டாலர்; அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். திரையில் இந்த எண் வந்தபோது கூடியிருந்த டெவலப்பர்களிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. அந்தக் கூட்டம் சாதாரணக் கூட்டம் அல்ல, ஆப்பிள் எதைச் சொன்னாலும் கைதட்டுகிற கூட்டம். 3,000 டாலர் இருக்கும் என்று செய்திகள் முன்பே கசிந்திருந்தன, இருந்தும் முனகினார்கள். நான்கு நாள் முன்புதான், ஜூன் 1 அன்று, மெட்டா தன் குவெஸ்ட் 3 ஹெட்செட்டை 499 டாலருக்கு அறிவித்திருந்தது. ஆப்பிளின் விலையில் அதை ஏழு வாங்கலாம்.

பங்குச் சந்தை அன்று காலை ஆப்பிள் பங்கை அதுவரை இல்லாத உச்சத்துக்கு ஏற்றியது. மாலை சந்தை முடியும்போது முந்தைய நாளைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. மாறாக, ஆப்பிளுடன் சேர்ந்து வேலை செய்வதாக அறிவிக்கப்பட்ட யூனிட்டி என்ற விளையாட்டு மென்பொருள் நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் 17 சதவீதம் அளவுக்கு எகிறியது. சந்தையின் முதல் கருத்து இவ்வளவுதான். இதில் அதிகம் தோண்ட ஒன்றுமில்லை.

பொதுமக்கள் சிரித்தது இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று தோற்றம்: பனிச்சறுக்குக் கண்ணாடி, முத்துக்குளிக்கும் கண்ணாடி என்று மீம்கள் கொட்டின. இன்னொன்று, விளம்பரப் படத்தில் வந்த ஒரு காட்சி. ஒரு அப்பா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தன் பிள்ளைகள் விளையாடுவதை முப்பரிமாணத்தில் படம் பிடிக்கிறார். நினைவுகளை உயிரோடு வைத்திருக்கலாம் என்பது ஆப்பிள் சொல்லவந்தது. பார்த்தவர்களுக்குத் தெரிந்ததோ, குழந்தையின் கண்ணைப் பார்க்காமல் முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு அப்பா. அந்த ஒரு காட்சிக்கு எழுந்த வெறுப்பு உண்மையானது, பரவலானது. கருவியைத் தொட்டே பார்க்காதவர்கள் சொன்ன கருத்து என்று அதை ஒதுக்க முடியாது. ஏனென்றால் அந்தக் கருத்தைச் சொல்லத் தொட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கோணம் அது. அதே செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஐபோன் 15 ப்ரோவில், போனிலேயே இந்த வகை முப்பரிமாண வீடியோ எடுக்கும் வசதியை ஆப்பிள் தருவதாகச் சொன்னது, டிசம்பரில் தந்தது. போன் கேமராக்களின் அமைப்பை முடிவு செய்ய மூன்று மாதம் போதாது என்பதால், ஜூனிலேயே இது திட்டத்தில் இருந்திருக்கும். அப்படியானால் அந்த அப்பா காட்சியைப் படத்தில் வைக்க வேண்டிய தேவையே இல்லை. ஏன் வைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

அரை மணி நேரம், ஒரு சோபா

சரி, போட்டுப் பார்த்தவர்களிடம் வருவோம். முக்கியமான சாட்சிகள் இவர்கள்தான். எனவே இவர்கள் எந்த நிலைமையில் சாட்சி சொன்னார்கள் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியாளர்களுக்கு ஆப்பிள் வளாகத்தில் இதற்கென்றே கட்டிய ஒரு கட்டடத்தில் ஆளுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஒதுக்கப்பட்டது. முதலில் ஒரு ஐபோனால் முகத்தை ஸ்கேன் செய்தார்கள், முகத்தில் பொருந்தும் மெத்தையின் அளவைத் தெரிந்துகொள்ள. அப்புறம் காதுகளை, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சரியாகக் கேட்கச் செய்ய. கண்ணாடி போடுகிறவர்களின் கண்ணாடியை வாங்கி, கண்ணாடிக் கடையில் இருக்கும் அளவுக் கருவியில் வைத்து பவர் பார்த்து, அதற்கேற்ற, ஸைஸ் (Zeiss) நிறுவனத்தின் லென்ஸ்களை உள்ளே பொருத்திக் கொடுத்தார்கள். பிறகு ஒரு சோபா. பக்கத்தில் ஆப்பிள் ஊழியர்கள். வெளிச்சம் அளவாக இருக்கும் ஓர் அறை. புகைப்படம், வீடியோ எடுக்க அனுமதி இல்லை. எதைத் திறக்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் என்பதெல்லாம் அவர்கள் சொல்வது.

காட்டியவையும் கவனமாகப் பொறுக்கியவை. குழந்தையின் பிறந்தநாள் விழா முப்பரிமாண வீடியோவாக. 'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' படத்தின் ஒரு பகுதி, பெரிய திரையில். முகத்துக்கு நேரே வந்து நிற்கும் பாடகி அலிசியா கீஸ். கடைசியில் அறையின் சுவர் திறந்து ஒரு டைனோசர் எட்டிப் பார்க்கும். அதற்கு முன் ஒரு பட்டாம்பூச்சி பறந்துவந்து நீட்டிய விரலில் உட்காரும். விரலில் ஏதோ பட்ட மாதிரியே இருந்தது என்று எழுதியவர்கள் உண்டு. பல ஆண்டுகளாக வி.ஆர். (மெய்நிகர் உலகம் காட்டும்) கருவிகளைப் போட்டுப் போட்டுச் சலித்தவர்கள் அவர்கள். அவர்களே அசந்துபோனார்கள் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பொய் சொல்லவில்லை அவர்கள். கண் மயங்கியதற்குக் காரணம் இருந்தது.

இந்த ஹெட்செட்டைப் போட்டால் எதிரே இருக்கும் அறை அப்படியே தெரியும். ஆனால் கண் பார்ப்பது அறையை அல்ல, வெளிப்பக்கக் கேமராக்கள் எடுக்கும் வீடியோவை. உள்ளே கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சிறிய ஓலெட் திரைகள், மொத்தம் 2 கோடியே 30 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு 4கே டிவியைவிட அதிகம். ஐபோன் திரையில் ஒரு பிக்சல் பிடிக்கும் இடத்தில் 64 பிக்சல்களை அடைத்ததாக ஆப்பிள் சொன்னது. பழைய ஹெட்செட்டுகளில் கொசுவலை வழியாகப் பார்ப்பது போன்ற ஒரு கட்டம் தெரியும். எழுத்துகளை வாசித்தால் கண் வலிக்கும். இதில் எழுத்து எழுத்தாகவே தெரிந்தது.

அதைவிட முக்கியமானது நேரம். நீங்கள் தலையைத் திருப்பியதும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அதை உடனே மூளைக்குச் சொல்லிவிடுகிறது. கண்ணெதிரே இருக்கும் வீடியோ தாமதமாகத் திரும்பினால் மூளைக்கு இரண்டு முரணான தகவல்கள் போகின்றன. தலைசுற்றலும் குமட்டலும் அதன் விளைவு. இதற்கென்றே ஆர்1 என்று தனியாக ஒரு சிப் செய்தது ஆப்பிள். 12 கேமராக்கள், 5 சென்சார்கள், 6 மைக்குகள் தரும் தகவல்களைச் சேர்த்து, 12 மில்லி விநாடிக்குள் புதுப் படத்தைத் திரைக்கு அனுப்பும். கண் இமைக்கும் நேரத்தில் எட்டில் ஒரு பங்கு. மற்ற வேலைகளுக்கு மேக் கணினிகளில் இருந்த எம்2 சிப்.

மூன்றாவது, கையில் எதையும் பிடிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, விழி எங்கே பார்க்கிறது என்று உள்ளே இருக்கும் கேமராக்கள் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரு பட்டனைப் பார்த்துவிட்டு, மடியில் கிடக்கும் கையின் இரண்டு விரல்களைச் சேர்த்துத் தட்டினால் போதும், கிளிக். கீழ்நோக்கிய கேமராக்கள் அந்த விரல் அசைவைப் பிடித்துவிடும். போட்டுப் பார்த்தவர்கள் அதிகம் வியந்தது இதற்குத்தான். மனசில் நினைத்ததும் நடக்கிறது என்கிற அளவுக்குப் போனார்கள். விழி பார்க்கும் இடத்தை மட்டும் முழுத் துல்லியத்தோடு வரைந்து, ஓரங்களைக் கொஞ்சம் மங்கலாக விட்டுவிடும் தந்திரமும் இதே கண் கண்காணிப்பால்தான் நடக்கிறது. நம் கண்ணும் இயல்பாகவே அப்படித்தான் பார்க்கிறது என்பதால் ஏமாற்று தெரிவதில்லை. அத்தனை பிக்சல்களுக்கும் ஒரு லேப்டாப் சிப் ஈடுகொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும் சிறப்புகள். செருப்புக் கடையில் போட்டு நாலடி நடந்தால் எந்தச் செருப்பும் கடிப்பதில்லை.

படத்தில் இல்லாத பட்டை

அந்த டெமோவில் இல்லாதவை எவை என்று பார்த்தால், அவைதான் பிறகு பிரச்சினைகளாக வந்தன.

ஐசைட் என்று ஒன்று. ஹெட்செட்டின் வெளிப்பக்கம் ஒரு திரை. போட்டிருப்பவரின் கண்களை அது எதிரே இருப்பவருக்குக் காட்டும். 'இது மனிதரைத் தனிமைப்படுத்தாது' என்ற வாதத்துக்கு ஆப்பிள் வைத்த முக்கியமான ஆதாரம் இதுதான். அறிவிப்புப் படத்தில் கண்கள் பளிச்சென்று உயிரோடு தெரிந்தன. செய்தியாளர்கள் போட்ட கருவிகளில் அது வேலை செய்யவில்லை. அதேபோல், வீடியோ அழைப்புக்கு உங்கள் முகத்தின் டிஜிட்டல் நகலை உருவாக்கும் வசதி: ஆப்பிள் ஊழியர் ஒருவரின் நகலோடு பேசலாம், தன் முகத்தை நகலெடுத்துப் பார்க்க முடியாது. நீளமாக டைப் செய்து பார்க்கவும் சந்தர்ப்பம் இல்லை.

அப்புறம் அந்தப் பட்டை. அதிகாரப்பூர்வப் படங்கள் எல்லாவற்றிலும் பின்னந்தலையைச் சுற்றி அகலமான ஒரே ஒரு துணிப்பட்டைதான். பக்கத்தில் ஒரு திருகு, அதைத் திருப்பினால் இறுகும், தளரும். பார்க்க அழகு. ஆனால் டெமோவில் செய்தியாளர்களின் உச்சந்தலைக்கு மேலே இன்னொரு பட்டையும் போனது. கூர்ந்து கவனிப்பவர்கள் சிலர் இதைக் குறிப்பிட்டு எழுதினார்கள். பெரும்பாலோர் டைனோசரைப் பற்றி எழுதினார்கள்.

ஏன் இது முக்கியம்? பின்னால் மட்டும் சுற்றிப்போகும் பட்டை எடையைத் தூக்காது; முகத்தோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க மட்டும் செய்யும். அப்படியானால் கருவியின் எடையை யார் தாங்குவது? கன்னமும் நெற்றியும் மூக்கும். எடை எவ்வளவு என்பதை ஆப்பிள் அன்று சொல்லவில்லை. கடைக்கு வந்தபோதுதான் 600 முதல் 650 கிராம் வரை என்று தெரிந்தது. இது பேட்டரியைத் தனியாகக் கழற்றி, வயரில் இணைத்து, சட்டைப் பைக்கு அனுப்பிய பிறகு உள்ள எடை. பேட்டரி மட்டும் இன்னொரு 353 கிராம். பேட்டரி முழுவதும் உள்ளேயே இருக்கும் குவெஸ்ட் 3, 515 கிராம்தான். அலுமினியச் சட்டமும் முன்பக்க வளைந்த கண்ணாடியும் அழகைத் தந்தன, எடையையும் தந்தன. அதுவும் அந்த எடை கழுத்துக்கு நேர் மேலே இல்லை, ஒரு கைப்பிடி தூரம் முன்னால் தள்ளி இருக்கிறது. தலை முன்னே சாயாமல் பிடித்து நிறுத்தப் பின்கழுத்துத் தசைகள் விடாமல் வேலை செய்ய வேண்டும். இரண்டே நிமிடத்தில் இது தெரியாது. அரை மணியில் சிலருக்கு லேசாகத் தெரியும். ஒரு முழு சினிமா பார்த்தால் எல்லோருக்கும் தெரியும்.

சினிமா என்றதும் சொல்லவேண்டிய ஒன்று: அறிவிப்பில் பேட்டரி 2 மணி நேரம் வரும் என்றார்கள். டெமோவில் காட்டிய அவதார் படமோ மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். பிளக்கில் சொருகிக்கொண்டு பார்க்கலாம்தான். அன்றே பலர் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்; நானும் சிரித்தேன்.

கண்ணிலும் நேரம் ஆக ஆகத் தெரியும் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்துப் பொருளைப் பார்க்கும்போது இரண்டு விழிகளும் உள்நோக்கித் திரும்பும், கூடவே விழிலென்ஸும் அந்தத் தூரத்துக்குக் குவியும். இரண்டும் ஜோடியாக நடக்கும் வேலை. இந்த வகை ஹெட்செட்டில் திரை எப்போதும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல ஒளியியல் அமைந்திருக்கும். பட்டாம்பூச்சி மூக்கருகே வந்தால் விழிகள் திரும்புகின்றன, குவியம் மட்டும் அங்கேயே நிற்க வேண்டியிருக்கிறது. இது ஆப்பிளின் குறை அல்ல. எல்லா நிறுவனங்களின் கருவிகளிலும் இருப்பது. கண் சோர்வுக்கும் தலைவலிக்கும் இது ஒரு காரணம்.

டெமோவுக்கும் பயன்பாட்டுக்கும் உள்ள இந்த இடைவெளி புதிதும் அல்ல. 2015இல் மைக்ரோசாஃப்ட் தன் ஹோலோலென்ஸ் ஹெட்செட்டை அறிவித்து, அதே ஆண்டு ஜூனில் மேடையில் மைன்கிராஃப்ட் விளையாட்டை ஒரு மேசை முழுக்க எழுப்பிக் காட்டியபோது உலகமே வாய்பிளந்தது. அங்கே பார்வையாளர்கள் பார்த்தது சிறப்புக் கேமரா வழியாக எடுத்த காட்சி. கருவியைப் போட்டவருக்கு அந்த மாய உலகம் பார்வையின் நடுவே ஒரு சின்னச் செவ்வகத்துக்குள் மட்டும்தான் தெரிந்தது. தலையைத் திருப்பினால் கோட்டை பாதியில் அறுந்துபோகும். 3,500 டாலருக்கு வந்த ஹோலோலென்ஸ் 2இன் உற்பத்தியை மைக்ரோசாஃப்ட் 2024இல் நிறுத்திவிட்டது. அரங்கத் தரையைப் பிளந்துகொண்டு திமிங்கலம் குதிக்கும் வீடியோவைக் காட்டிய மேஜிக் லீப் நிறுவனம், 2018இல் 2,295 டாலருக்கு விற்ற கருவியோடு அந்தத் திமிங்கலத்தைக் கொண்டுவரவே இல்லை. ஆப்பிள் இந்த மாதிரி ஏமாற்றவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்: அது காட்டிய படமும் கருவிக்குள் தெரிந்த படமும், ஐசைட்டைத் தவிர, பெருமளவு ஒத்துப்போயின. அதனால்தான் போட்டுப் பார்த்தவர்களின் வியப்பு அத்தனை உறுதியாக இருந்தது.

'ஐபோனையும் இப்படித்தான் கேலி செய்தார்கள்'

விலையைப் பற்றியோ தோற்றத்தைப் பற்றியோ யார் வாய் திறந்தாலும் ரசிகர்களிடமிருந்து வந்த பதில் இது. 2007இல் ஐபோனைப் பார்த்து, 500 டாலரா, கீபோர்டுகூட இல்லையே என்று மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் சிரித்த வீடியோவை மறுபடி சுற்றவிட்டார்கள். ஏர்பாட்ஸைக் கேலி செய்ததையும் நினைவுபடுத்தினார்கள்.

இந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஐபோன் வந்தபோது எல்லோர் பையிலும் ஏற்கெனவே ஒரு செல்போன் இருந்தது. பலரிடம் தனியாக ஒரு பாட்டுக் கருவியும் இருந்தது. இருப்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கும் பொருள் அது. காதில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்த வயரை அறுத்தது ஏர்பாட்ஸ். முகத்தில் என்ன இருந்தது? பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை. எதையும் அகற்றாமல், நாளில் புதிதாக ஒரு நேரத்தையும் உடலில் புதிதாக ஓர் இடத்தையும் கேட்கிற கருவி இது. விலையை வைத்தே பார்த்தாலும் ஒப்பீடு நிற்காது: ஐபோன் கடைக்கு வந்த சில மாதங்களிலேயே, அதே 2007 செப்டம்பரில், 599 டாலர் மாடல் 399ஆகக் குறைந்தது. விஷன் ப்ரோ இரண்டாம் பதிப்பிலும் அதே 3,499 டாலர்தான்.

போட்டியாளர் சொன்னதும் இதே இடத்தில் உதவுகிறது. அறிவிப்பு வந்த சில நாளில் மெட்டாவின் மார்க் ஸக்கர்பெர்க் தன் ஊழியர்களிடம் பேசியது வெளியே வந்தது. ஆப்பிள் காட்டிய படங்களில் எல்லாம் ஒருவர் தனியாக சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். கணினி உலகின் எதிர்காலம் அப்படியும் இருக்கலாம், ஆனால் நான் விரும்பும் எதிர்காலம் அதுவல்ல என்ற பொருளில் சொன்னார். வியாபாரப் பேச்சுதான். அவருடைய நிறுவனம் இதே துறையில் 2022ஆம் ஆண்டு மட்டும் 1,370 கோடி டாலர் இழந்திருந்தது. குவெஸ்ட் ஹெட்செட்டுகள் ஏறக்குறைய 2 கோடி விற்றிருந்தும், புதிதாக வாங்கியவர்கள் முன்பு வாங்கியவர்கள் அளவுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று மெட்டாவின் மூத்த அதிகாரி உள்கூட்டத்தில் ஒப்புக்கொண்ட செய்தியும் அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் வந்திருந்தது. ஆனாலும் சோபாவைப் பற்றி அவர் சொன்னது சரி. 299 டாலருக்கு விற்ற குவெஸ்ட் 2 கருவியே அலமாரிக்குப் போகிறது என்றால், சிக்கல் விலையில் மட்டும் இல்லை.

டெவலப்பர்கள் வேறொன்றைக் கேட்டார்கள்: ஆகாயத்தில் மிதக்கும் தட்டையான ஜன்னல்களைத் தவிர இதில் என்ன இருக்கிறது? டெமோவில் சஃபாரி, மெசேஜ், போட்டோஸ் எல்லாம் ஐபேட் ஆப்களைக் காற்றில் தொங்கவிட்ட மாதிரியே இருந்தன. ஆப்பிள் அடுத்த மாதமே குபெர்டினோ, லண்டன், மியூனிக், ஷாங்காய், சிங்கப்பூர், டோக்கியோ நகரங்களில் ஆப் செய்பவர்கள் வந்து சோதித்துப் பார்க்க ஆய்வகங்களைத் திறப்பதாக அறிவித்தது. இருந்தும், எத்தனை பேர் வாங்குவார்கள் என்றே தெரியாத கருவிக்காக யார் மாதக்கணக்கில் உழைப்பார்கள்? 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், ஸ்பாட்டிஃபை மூன்றுமே தொடக்கத்தில் தனி ஆப் தரப்போவதில்லை என்று சொல்லிவிட்டன. சினிமா பார்ப்பதுதான் இதன் முதல் உபயோகம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

கடைக்கு வந்த பிறகு

2024 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவில் விற்பனை தொடங்கியது. இப்போது விமர்சகர்களிடம் கருவி நாள்கணக்கில் இருந்தது. திரை, கைச்சைகை, வீடியோ எல்லாவற்றையும் மறுபடி பாராட்டினார்கள்; ஜூன் மாத வியப்பு கரையவில்லை. கூடவே மற்றவையும் வந்தன. ஐசைட் திரை மங்கலாக இருக்கிறது, வெளிச்சமான அறையில் எதிரே இருப்பவருக்குக் கண்ணே தெரியவில்லை. இருட்டில் கேமராப் படம் புள்ளி புள்ளியாகிறது, தலையை வேகமாகத் திருப்பினால் கலங்குகிறது. பார்வையின் ஓரங்கள் கறுப்பாக வெட்டப்பட்டிருக்கின்றன. அரை மணியில் மந்திரமாகத் தோன்றிய கண் கிளிக்கூட, நாள் முழுக்கச் செய்யும்போது வேலையாகிவிடுகிறது: ஒன்றை அழுத்த அதையே பார்க்க வேண்டும், பார்வை அடுத்ததுக்கு நழுவினால் கிளிக் தவறும். மவுஸைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்க்கும் சுதந்திரத்தை நாம் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பது அது இல்லாதபோதுதான் தெரிகிறது.

பெட்டிக்குள் இரண்டு பட்டைகள் இருந்தன. விளம்பரத்தில் வந்த அழகான துணிப்பட்டை ஒன்று. உச்சந்தலை வழியாகப் போகும் இரட்டைப் பட்டை ஒன்று. இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் கிடைக்கும் என்பதால், பிப்ரவரி நடுவில் திருப்பிக் கொடுத்தவர்களின் கதைகள் வந்தன. அவர்கள் சொன்ன காரணங்களில் தலைவலியும் எடையும் அடிக்கடி அடிபட்டன. 'படம் சுமார்' என்று சொல்லித் திருப்பியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபரில் குக்கே ஒரு பேட்டியில், 3,500 டாலருக்கு விற்கும் பொருள் வெகுமக்களுக்கானது அல்ல, நாளைய தொழில்நுட்பத்தை இன்றே விரும்புகிறவர்களுக்கானது என்றார். அரங்கத்தில் எழுந்த முனகலின் பொருளும் அதேதான்.

2025 அக்டோபரில் ஒரு வார இடைவெளியில் இரண்டு அறிவிப்புகள். சாம்சங் தன் கேலக்ஸி எக்ஸ்.ஆர். ஹெட்செட்டை 1,799 டாலருக்குக் கொண்டுவந்தது. எடை 545 கிராம், பேட்டரி அதிலும் வெளியே தனியாக, வயரில். அதற்குச் சில நாள் முன்பு ஆப்பிள், எம்5 சிப்புடன் விஷன் ப்ரோவைப் புதுப்பித்தது. இந்த முறை பெட்டிக்குள் வருவது ஒரே பட்டை. பின்னந்தலையையும் உச்சந்தலையையும் சேர்த்துப் பிடிக்கும் இரட்டைப் பின்னல். முன்பக்கப் பாரத்துக்கு எதிர்ப்பாரமாக அதன் பின்பகுதியில் டங்ஸ்டன் துண்டுகளை வைத்துப் பின்னியிருக்கிறார்கள். கருவியின் எடை 750 முதல் 800 கிராம் வரை ஆகிவிட்டது. முன்பைவிட இதமாக இருக்கிறது என்றே போட்டுப் பார்த்தவர்கள் பலர் எழுதினார்கள்.